விரல் போனவர்களின் இசை

பிளாக் சாபத் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. ஹெவி மெட்டல் அதில்தான் பிறந்தது என்பார்கள். எனக்கு அது சில ஆண்டுகள் முன்பே, பர்மிங்காமின் ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் பிறந்துவிட்டது. டோனி ஐயோமிக்கு அப்போது வயது 17. வேலையில் கடைசி நாள். வராத ஆளுக்குப் பதிலாக பிரஸ் மெஷினில் நின்றார். வலக்கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. இடக்கைப் பழக்கக்காரர் என்பதால், கிட்டாரின் தந்தியை அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்துகொண்டு மறுபடி வாசித்தார்.

ராயக்கோட்டையில் இருந்து ஓசூருக்கு ஷிப்ட் போகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். என் சித்தப்பா அங்கே ஒரு பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் தொழிலாளி. டார்கெட் முடிக்க வேண்டும் என்று மெஷினின் சென்சாரை அணைத்து வைத்திருந்தார்கள். இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. பறையின் சுண்டு குச்சியைப் பிடிக்கும் கை அது. அவரும் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் குச்சியைப் பிடிக்கப் பழகினார்.

இதுவரை இரண்டும் ஒரே கதை. இதற்குப் பிறகுதான் சாதி வருகிறது. ஐயோமியிடம் யாரும் "உன் பிறப்புக்கு இந்தக் கருவிதான்" என்று சொல்லவில்லை. சித்தப்பாவுக்கோ விரல் ஆறுவதற்குள் ஊரில் இருந்து ஆள் வந்துவிட்டது: "சாவு விழுந்திருக்கு, மேளத்துக்கு வா."

பெங்களூரு மெட்டல் நிகழ்ச்சிகளில் "இங்கே சாதி இல்லை" என்று சொல்லும் நண்பர்களைப் பார்க்கிறேன். சாதியைப் பற்றிப் பேசாமல் இருப்பது சாதி இல்லாமல் இருப்பது ஆகாது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் அதைப் பெயரிலேயே பேசியது. அவர்கள் மெட்டல் இசைக்குழு அல்ல. ஆனால் கானாவையும் பறையையும் கிட்டாருக்குச் சமமாக நிறுத்தினார்கள். பறை சாவுக்கு மட்டுமானது என்ற விதியை மேடையிலேயே உடைத்தார்கள்.

பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தையும் விமர்சகர்கள் கிழித்தார்கள். இன்று அது செவ்வியல். பறையை இன்னும் இரைச்சல் என்கிறார்கள்.

சித்தப்பா ஊர்க்காரருக்குச் சொன்ன பதில் இதுதான்: "வாசிப்பேன். சாவுக்கு வரமாட்டேன்." ஏப்ரல் 14 அன்று எங்கள் தெருவில், அம்பேத்கர் படத்துக்கு முன்னால் வாசித்தார். மெட்டலை நேசிக்கும் தோழர்களே, சென்சாரை அணைக்காத தொழிற்சாலைக்காகவும், யாரும் கூப்பிட்டு அடிக்கச் சொல்லாத பறைக்காகவும் சேர்ந்தே சத்தம் போடுவோம்.