கியர் ஆயிலின் தரத்தை பில்லில் எழுதுங்கள்

தென்காசியிலிருந்து கொல்லம் செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, செங்கோட்டையைத் தாண்டியதும் புளியரையில் மலையேறத் தொடங்குகிறது. அங்குள்ள எஸ் வளைவை அறியாத ஓட்டுநர் இந்தப் பக்கம் கிடையாது. முன்னால் பாரம் ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் வரும் கார் மூன்றிலிருந்து இரண்டுக்கு, இரண்டிலிருந்து ஒன்றுக்கு, மறுபடி இரண்டுக்கு என்று கியரை மாற்றி மாற்றித்தான் ஏற வேண்டும். இறங்கும்போதும் அனுபவசாலிகள் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. இரண்டாம் கியரில் வண்டியைப் பிடித்தே இறக்குவார்கள். சமவெளியில் நாள் முழுக்க ஓடினாலும் வராத வேலை, சில கிலோமீட்டருக்குள் கியர் பெட்டிக்கு வந்துவிடுகிறது.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்ததும் வெளியூர் வண்டிகளும் இந்தச் சாலையில் சேர்ந்துகொள்கின்றன. கிளம்புமுன் டயர், பிரேக், வைப்பர், இன்ஜின் ஆயில் எல்லாம் பார்க்கிறார்கள். கியர் ஆயிலைப் பற்றிக் கேட்பவர் அபூர்வம். கேட்டாலும் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “90 ஆயில் ஊத்தியிருக்கு சார்.”

அந்தப் பதில் போதாது. 90 என்பது எண்ணெயின் தடிமனை மட்டுமே சொல்கிறது. அது எந்த வேலைக்கான எண்ணெய் என்பதை டப்பாவில் ‘ஜிஎல்’ என்று தொடங்கும் இன்னொரு குறிதான் சொல்லும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வகுத்த தரங்கள் அவை. இந்த எண்களைத் தேர்வு மதிப்பெண் போலப் பார்த்து, ஐந்து நான்கை விட உயர்ந்தது என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது.

ஜிஎல்-5 உருவானது பின் அச்சில் உள்ள கிரவுன்-பினியனுக்காக. ஹைபாய்ட் எனப்படும் அந்த வகைப் பற்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று கடும் அழுத்தத்தோடு வழுக்கிச் சுழல்பவை. அங்கே எண்ணெய்ப் படலம் கிழிந்தாலும் இரும்பும் இரும்பும் உரசிவிடாமல் காக்க, கந்தகமும் பாஸ்பரசும் கலந்த வேதிப்பொருட்களை நிறையச் சேர்க்கிறார்கள். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி அந்தக் கந்தகத்தினுடையது. ஜிஎல்-4 எண்ணெயில் இந்தப் பொருட்கள் பொதுவாக அதில் பாதி அளவே இருக்கும்.

கார் கியர் பெட்டிக்குள் நிலைமை வேறு. அங்கே பற்சக்கரங்களோடு சின்க்ரோனைசர் வளையங்களும் இருக்கின்றன. பல வண்டிகளில் இவை பித்தளை அல்லது வெண்கலம். கியர் லீவரைத் தள்ளும் அந்த ஒரு நொடியில், வளையம் எண்ணெய்ப் படலத்தை வெட்டிக்கொண்டு எதிரிலுள்ள கூம்பை இறுகப் பிடித்து இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். அதாவது பற்களுக்கு வழுக்கல் தேவை, வளையத்துக்குப் பிடிமானம் தேவை. இரண்டையும் ஒரே எண்ணெய்தான் தர வேண்டும். வழுக்கல் கூடினால் வளையம் பிடிக்காது. ‘கரகர’வென்று சத்தம் வரும், இரண்டாம் கியர் விழ மறுக்கும். போதாததற்கு, வீரியமான கந்தகம் சூட்டில் செம்புக் கலவை உலோகத்தை அரிக்கவும் செய்யும். எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் பித்தளைக்குப் பகை அல்ல. சில வண்டிகளுக்கு நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் ஜிஎல்-4 என்று குறிப்பிட்ட பெட்டிக்கு, பெரிய எண்ணை நம்பி ஐந்தை ஊற்றுவது சரியல்ல.

தடிமன் விஷயத்திலும் இதே கதைதான். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த அளவுகோலின்படி 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் 80 ரக எண்ணெயின் தடிமன் 11 சென்டிஸ்டோக்ஸ் என்ற அளவுக்குள் நிற்கும். 90 ரகம் 13.5க்குக் கீழே இறங்காது. 75டபிள்யூ-80 கேட்கும் பெட்டியில் 80டபிள்யூ-90 ஊற்றினால் வேறுபாடு கையிலேயே தெரியும். காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு லீவர் கனக்கும். நம் ஊர் வெயிலுக்குத் தடித்த எண்ணெய்தான் நல்லது என்ற வாதம் பட்டறைகளில் அடிக்கடி கேட்கிறது. வெயிலைக் கணக்கில் கொண்டுதான் நிறுவனங்கள் இந்தியச் சாலைகளுக்கான ரகத்தைக் குறித்திருக்கின்றன. இன்னொரு குழப்பம், இன்ஜின் ஆயில் எண்களோடு இதை ஒப்பிடுவது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலில் 90 என்பது இன்ஜின் ஆயிலில் 40, 50 என்கிற அளவுக்குத்தான் தடிமன். வண்டிக்கு வண்டி தேவையும் மாறும். 1959இல் வந்த பிரிட்டனின் மினி காரில் இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் ஒரே எண்ணெய். ஹோண்டா தன் கார்களின் கியர் பெட்டிக்கென்று தனி எண்ணெய் வைத்திருக்கிறது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் எண்ணெய் என்று ஒன்று கிடையாது.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டிகளும், குட்டி யானை எனப்படும் சிறு சரக்கு வண்டிகளும், ஜீப்புகளும், கார்களும் ஒரே பட்டறைக்குத்தான் வருகின்றன. பின்சக்கர இழுவை வண்டிக்குப் பெட்டி தனி, கிரவுன் தனி. முன்சக்கர இழுவைக் காரில் இரண்டும் ஒரே கூட்டுக்குள். ஒரே பீப்பாயை வைத்து அத்தனைக்கும் ஊற்றும் பழக்கம் அப்படி வந்ததுதான். சரியான ரகம் எது என்று சொல்லும் கையேடோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகி, டேஷ்போர்டு அறைக்குள் உறை பிரியாமல் கிடக்கிறது.

எண்ணெய் மாற்றும்போது வண்டிக்காரர் பக்கத்தில் நிற்பது நல்லது. முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைத்தான் கழற்ற வேண்டும். வடிகால் போல்ட்டை முதலில் திறந்து எண்ணெயை இறக்கிவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்து அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம். இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கலாம். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. வடிந்த எண்ணெயைத் தட்டில் வெயிலில் காட்டினால் மஞ்சளாக மினுமினுக்கும். அப்படியென்றால் வளையம் தேய்கிறது. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் தண்ணீரில் நின்ற கார்களை வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெட்டியின் காற்றுத் துளை வழியாகவும் வெள்ளம் உள்ளே போகும்.

சரியான எண்ணெயை ஊற்றப் பெரிய செலவு வேண்டியதில்லை. சிறு கார் ஒன்றுக்கு இரண்டு லிட்டர் அளவில் போதும். பெட்டியை இறக்கிப் பிரித்தால் ஆகும் கூலியோடு ஒப்பிட்டால் அது சொற்பம். கார் நிறுவனங்கள் கியர் ஆயிலின் ரகம், தரம், அளவு மூன்றையும் பானெட்டுக்குள் தமிழில் ஒட்ட வேண்டும். பட்டறைகள் பில்லில் ‘கியர் ஆயில்’ என்று மட்டும் எழுதாமல் ‘75டபிள்யூ-80, ஜிஎல்-4’ என்பதுபோல் முழுமையாக எழுத வேண்டும். அடுத்த மெக்கானிக்குக்கு அந்தத் தாள்தான் வழிகாட்டி.

தவறான எண்ணெய் ஏற்கெனவே ஊற்றப்பட்டிருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒரே நாளில் எதுவும் கெட்டுவிடாது. அடுத்த மலைப் பயணத்துக்கு முன் வடித்துவிட்டு, கையேட்டில் உள்ளதை ஊற்றி, பில்லை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.