மூன்று நிலைப் பயிற்சித்தாள்: நம் பிள்ளைகளின் கையில் இருப்பது எது?

பத்தாம் வகுப்பு அரசுப் பொதுத்தேர்வு 2026 மார்ச் 11-இல் தொடங்கி ஏப்ரல் 6 வரை நடக்கும் என்று பள்ளிக்கல்வித்துறை அறிவித்திருக்கிறது. பிறையைப் பொறுத்து ரமளான் நோன்பு பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ஆரம்பமாகும். அதாவது, கடைசிக்கட்டத் திருப்புதலும் தேர்வின் முதல் நாட்களும் நம் பிள்ளைகளுக்கு நோன்போடுதான் வருகின்றன.

இந்தக் கட்டத்தில் பள்ளிகளில் ஒரு வேலை நடக்கும். அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்து மாணவர்களைப் பிரிப்பார்கள். மெல்லக் கற்போர் என்று ஒரு குழு, நடுத்தரம் என்று ஒரு குழு, மீத்திறன் மிக்கோர் என்று ஒரு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பயிற்சித்தாள் கொடுப்பார்கள். பெற்றோரான நாம் பெரும்பாலும் அந்தத் தாளைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், ஏதோ ஜெராக்ஸ் என்று பைக்குள் திருப்பி வைத்துவிடுகிறோம். ஆனால் அறிவியல் பாடத்தில் பிள்ளைக்கு எந்தத் தாள் வருகிறது என்பது, ஜூன் மாதம் அது பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவில் உட்காரும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

மாவட்டத்தின் பெயரும் பிள்ளையின் மதிப்பெண்ணும்

காமராஜர் பிறந்த ஊரான விருதுநகர், தேர்ச்சி விகிதத்தில் தமிழகத்தின் முன்னணி மாவட்டங்களில் ஒன்று. 2023 பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 97.85 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலிடம் பெற்றது. 2025 பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத் தேர்ச்சி 93.80 சதவீதமாக இருந்தபோது, இம்மாவட்டம் 97.45 சதவீதத்துடன் சிவகங்கைக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது. இதன் பின்னால் ஆசிரியர்களின் கடும் உழைப்பு இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஆனால் தேர்ச்சி என்பது என்ன? அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் 20, செய்முறையில் 15, மொத்தம் 35 எடுத்தால் தேர்ச்சி. வினாத்தாளில் 12 ஒரு மதிப்பெண் வினாக்கள். இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10-இல் 7, நான்கு மதிப்பெண் வினாக்கள் 10-இல் 7. பிறகு ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று. ஒரு மதிப்பெண் வினாக்கள் பன்னிரண்டையும் சரியாகக் குறித்து, இரண்டு மதிப்பெண் வினாக்களில் நான்கை எழுதிவிட்டால் 20 வந்துவிடும். மெல்லக் கற்போருக்கான குறைந்தபட்சக் கற்றல் கையேடுகள் இந்தக் கணக்கை வைத்துத்தான் தயாராகின்றன. எந்தப் பாடத்தில் எந்த வரையறையைப் படித்தால் போதும், எந்தப் படத்தை வரைந்து பாகம் குறித்தால் போதும் என்று பொறுக்கித் தருகின்றன.

தோற்கும் நிலையில் இருக்கும் பிள்ளைக்கு இது கைகொடுக்கும் உதவி. சிவகாசி வட்டாரத்தில் பத்தாம் வகுப்பில் தோற்றுப் படிப்பை விட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளின் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம் தன் முக்கியமான தீர்ப்பை வழங்கியது. 2016-இல் திருத்தப்பட்ட சட்டம், 18 வயது நிரம்பாதவர்களை வெடிபொருள் போன்ற அபாயகரமான தொழில்களில் சேர்க்கத் தடை விதிக்கிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் நிலைக்க வேண்டுமானால் பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும். தேர்ச்சிதான் பள்ளியில் வைத்திருக்கிறது.

பிரச்சினை அடுத்த படியில் வருகிறது. 2025-இல் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர்கள் 8,71,239 பேர். தேர்ச்சி பெறாதவர்கள் ஏறத்தாழ 54,000 பேர். அதே தேர்வில் அறிவியலில் மட்டும் 10,838 பேர் நூற்றுக்கு நூறு எடுத்தார்கள். இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே, 35-க்கும் 60-க்கும் இடையில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் தேர்ச்சிப் பட்டியலில் இருப்பார்கள். மாவட்டத்தின் பெருமையிலும் இருப்பார்கள். ஆனால் அறிவியல் பிரிவு கேட்டுப் போனால், 'மார்க் பத்தாது, வேறு குரூப் பாருங்கள்' என்பதே பதிலாக இருக்கும்.

அந்தக் கதவு மூடினால் அதன் பின்னால் உள்ள பலவும் மூடிவிடுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது; அடுத்த ஆண்டே பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது வந்தது. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. இவற்றைப் பெறப் போராடிய சமுதாயம் நாம். பெற்ற இடத்தில் உட்கார, பத்தாம் வகுப்பு அறிவியலைப் புரிந்துகொண்ட பிள்ளைகள் வேண்டாமா?

ஒரே பாடம், மூன்று தாள்

நிலைவாரிப் பயிற்சித்தாள் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்ப்போம். பாடம் மின்னோட்டவியல், தலைப்பு ஓம் விதி.

முதல் தாளில் ஒரு மின்சுற்றுப் படம் இருக்கும். மின்கலம், சாவி, மின்தடை ஆகியவற்றின் பெயரைக் குறிக்க வேண்டும். ஓம் விதியின் வரையறையில் விடுபட்ட சொல்லை நிரப்ப வேண்டும். மின்னோட்டத்தின் அலகு என்ன, மின்தடையின் அலகு என்ன என்று பொருத்த வேண்டும்.

இரண்டாம் தாளில் நேரடிக் கணக்கு. 12 வோல்ட் மின்னழுத்தத்தில் 6 ஓம் மின்தடை இணைக்கப்பட்டால் மின்னோட்டம் எவ்வளவு? 2 ஆம்பியர். மின்தடை இரண்டு மடங்கானால் மின்னோட்டம் என்னவாகும்? பாதியாகும், ஏன் என்பதை இரண்டு வரியில் எழுத வேண்டும்.

மூன்றாம் தாளில் 6 ஓம், 3 ஓம் மின்தடைகள் இரண்டு. தொடரிணைப்பில் 9 ஓம் வருகிறது, பக்க இணைப்பில் 2 ஓம் வருகிறது. நம் வீட்டில் விளக்கையும் மின்விசிறியையும் எந்த இணைப்பில் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று விளக்க வேண்டும்.

மூன்றும் ஒரே பாடம்தான், ஆனால் படிகள் வெவ்வேறு. முதல் தாளை முடித்த பிள்ளைக்கு இரண்டாம் தாள் கிடைக்க வேண்டும் என்பதே இந்த முறையின் உயிர். அது கிடைக்காமல் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பிள்ளை முதல் தாளையே நிரப்பிக்கொண்டிருந்தால், அதற்குப் பெயர் பயிற்சி அல்ல, ஒதுக்கிவைத்தல். 'நான் மெல்லக் கற்பவன்' என்று பிள்ளையே நம்பத் தொடங்கிவிடும். உண்மையில் அதற்குத் தடையாக இருப்பது ஒன்பதாம் வகுப்பில் பிடிபடாமல் போன இணைதிறனாக இருக்கலாம், அல்லது வகுத்தல் கணக்காக இருக்கலாம். அந்த ஒரு முடிச்சை அவிழ்த்தால் பத்துப் பாடம் திறந்துகொள்ளும்.

அரசுத் திட்டங்களில் அறிவியல் எங்கே?

நிலைவாரிக் கற்பித்தல் தமிழகத்துக்குப் புதிதல்ல. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் பயிற்சி நூல் தரப்பட்டது. 2025-26 கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை 'திறன்' திட்டம் வந்தது. அது தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகிய மூன்றில் பின்தங்கியவர்களுக்கானது. வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிந்தால்தான் மற்றது வரும் என்பதால் இந்தத் தேர்வு நியாயமானதே.

ஆனால் அறிவியல் அதில் இல்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இயக்க விதிகளில் தொடங்கி காட்சித் தொடர்பு வரை 23 அலகுகள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர் நடத்துகிறார். அவரே நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று வகைத் தாள் தயாரித்து, நகலெடுத்து, திருத்தி, யார் மேலே ஏறலாம் என்று முடிவு செய்ய வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா? நேரம் இல்லாதபோது முதலில் கைவிடப்படுவது இரண்டாம் தாளும் மூன்றாம் தாளும்தான்.

நம் மக்தபில் உள்ள முறை

இந்த முறையைப் புரிந்துகொள்ள நாம் வெளியே போக வேண்டியதில்லை. மாலையில் பள்ளிவாசல் மதரஸாவை எட்டிப் பார்த்தால் போதும். ஒரே கூடத்தில் ஒரு பிள்ளை அலிஃப், பே படிக்கிறது. இன்னொன்று அம்ம ஜுஸுவில் இருக்கிறது. மூன்றாவது குர்ஆனைப் பார்த்து ஓதுகிறது. ஹஜ்ரத் ஒவ்வொரு பிள்ளையிடமும் அதனதன் சபக்கைக் கேட்கிறார். சரியாக ஓதினால் அடுத்த சபக். தவறினால் நாளைக்கும் அதே சபக். யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முக்கியமாக, அலிஃப், பே படிக்கும் பிள்ளையைப் பார்த்து 'உனக்கு இதுவே போதும், குர்ஆன் உனக்கு வராது' என்று எந்த ஹஜ்ரத்தும் சொல்வதில்லை.

நபி (ஸல்) அவர்களிடம் உபதேசம் கேட்டு வந்தவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்லவில்லை. ஒருவருக்குக் கோபத்தை அடக்குமாறும், இன்னொருவருக்குப் பெற்றோருக்குப் பணிவிடை செய்யுமாறும், கேட்டவரின் நிலையறிந்து வழிகாட்டினார்கள். இந்தப் பாரம்பரியம் உள்ள நாம், பள்ளித் தாளின் விஷயத்தில் மட்டும் ஏன் கேள்வி கேட்காமல் இருக்கிறோம்?

பட்டாசு மண்ணின் வேதியியல்

நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி சிவகாசி வட்டாரத்தில் தயாராகிறது. 'வேதிவினைகளின் வகைகள்' என்ற பாடம் இங்குள்ள பிள்ளைக்கு வெறும் பாடம் அல்ல. உராய்வினால் கலவை ஏன் தீப்பற்றுகிறது, ஈரம் பட்ட கலவை ஏன் ஆபத்தானது, 2018 அக்டோபர் 23 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கு ஏன் தடை விதித்தது, அந்தத் தடையால் அப்பாவின் வேலை நாள் ஏன் குறைந்தது என்பதெல்லாம் அதன் வீட்டுப் பேச்சு. மூன்றாம் நிலைத் தாளுக்கு இதைவிட நல்ல வினா எங்கே கிடைக்கும்? முதல் நிலையில் உள்ள பிள்ளையும் இந்த வினாவுக்கு வாய் திறக்கும். தாள்கள் இந்த ஊரின் வாழ்க்கையைத் தொட்டால் நிலைகளுக்கு நடுவே உள்ள சுவர் தானாகக் குறையும்.

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி வெடிவிபத்து 35-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பிறகும் ஆண்டுதோறும் விபத்துச் செய்தி வருகிறது. விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று முதல்வர் ஸ்டாலின் 2024 நவம்பரில் விருதுநகரில் அறிவித்தார். இந்த மண்ணில் வேதியியல் தெரிவது மதிப்பெண்ணுக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும்தான்.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்: பள்ளிக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்போம். என் பிள்ளை அறிவியலில் எந்த நிலைத் தாளில் இருக்கிறது? எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் தடுமாறுகிறது? அடுத்த தாளுக்கு எப்போது போகும்? சண்டைக்குப் போவதுபோல் அல்ல, உதவி கேட்பதுபோல் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்வியே முக்கியம். அத்தாமார்கள் கடையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீடுகளில் உம்மாமார்கள் தயங்காமல் போக வேண்டும்.

ஜமாஅத்: நாட்டுக்கே நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமும் அச்சடித்துத் தரும் ஊர் சிவகாசி. 23 அலகுகளுக்கு மூன்று நிலைத் தாள்களை அச்சிட்டு, தேவைப்படும் பள்ளிகளுக்கு மத வேறுபாடின்றிக் கொடுப்பது ஒரு ஜமாஅத்தால் முடியாத செலவல்ல. பாடத்தைத் தயாரிப்பது ஆசிரியர்களின் வேலை. நம் சமுதாயத்தில் பணியிலும் ஓய்விலும் இருக்கும் அறிவியல் ஆசிரியர்கள் அதற்கு முன்வர வேண்டும். கல்லூரியில் படிக்கும் நம் பெண்பிள்ளைகள் மதரஸா கூடத்தில் தாள் திருத்த உட்கார்ந்தால், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தப் பார்க்கும் வீடுகளுக்கும் அது ஒரு பதிலாக இருக்கும்.

ரமளான்: ஸஹருக்கு எழுந்த பிள்ளை ஃபஜ்ரு தொழுதபின் உறங்காமல் ஒரு தாளை எழுதட்டும். மனம் தெளிவாக இருக்கும் நேரம் அது. அசருக்குப் பின் சோர்வு வரும். அப்போது புதிய பாடம் வேண்டாம், காலையில் எழுதியதைத் திருத்திப் பார்த்தால் போதும். தராவீஹுக்குப் பின் நள்ளிரவு வரை கண்விழிக்க வைக்க வேண்டாம். இப்போதே தொடங்கி ஒவ்வொரு அலகிலும் ஒரு படியாவது ஏறினால், 35-இல் நிற்கும் பிள்ளை 60-ஐத் தொடும். 60-இல் நிற்பது 80-ஐத் தொடும், இன்ஷா அல்லாஹ்.

தேர்வுக்கு முன் நமக்கு இருப்பது சில வாரங்கள். இன்றிரவு பிள்ளையின் பையைத் திறந்து அந்தத் தாளை எடுத்துப் பார்ப்போம். நம் பிள்ளைகளின் கல்வியை அல்லாஹ் விசாலமாக்கி, அதை அவர்களுக்கும் இந்த மண்ணுக்கும் பயனுள்ளதாக ஆக்கி அருள்வானாக.