மறுபடியும் அதே அசதியா? கால்சியத்தைப் பாருங்கள்!

கழுத்தில் ஆபரேஷன் முடிந்து நாலு வருஷம் ஆகிறது. அதன்பின் வீட்டு வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்த அம்மா, கொஞ்ச நாளாக மதியமே படுத்துவிடுகிறார். ஓயாத தாகம், ராத்திரியில் மூன்று முறை பாத்ரூம், மலச்சிக்கல், எலும்புக்குள் குடைகிற வலி. “வயசாயிடுச்சு, அவ்ளோதான்” என்கிறார் அவரே. வீட்டில் உள்ளவர்களும் தலையாட்டுகிறார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது.

தைராய்டின் பின்பக்கம் அரிசி அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சுரப்பிகள்தான் பாராதைராய்டு. பெயரில்தான் தைராய்டு, வேலை வேறு. ரத்தத்தில் கால்சியம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது இவைதான். ஒன்றில் கட்டி வந்து அளவுக்கு மீறிச் சுரந்தால், எலும்பிலிருக்கும் கால்சியம் உருவப்பட்டு ரத்தத்தில் ஏறும். எலும்பு மெலியும், சிறுநீரகத்தில் கல் சேரும். ‘தைராய்டு டெஸ்ட் நார்மல்’ என்று நிம்மதி அடைய வேண்டாம். அந்த டெஸ்ட் இதைக் காட்டாது.

ஆபரேஷன் செய்துகொண்ட பெரும்பாலோருக்கு அத்தோடு பிரச்னை தீர்ந்துவிடும். சிலருக்கு மட்டும் திரும்பும். 1925-ல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற சர்ஜன், டிராம் வண்டி ஊழியர் ஒருவருக்கு இந்தக் கட்டியை அகற்றினார். மருத்துவ வரலாற்றில் புகழ்பெற்ற அந்த நோயாளி தேறி எழுந்தார். சில வருஷங்களில் நோய் மறுபடி வந்தது. கட்டி எங்கே என்று தேட அன்று ஸ்கேன் கிடையாது. இன்று இருக்கிறது. தேடச் சொல்லி நாம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அசதிக்கு ரத்தசோகை, சர்க்கரை, மனச்சோர்வு என்று நூறு காரணம் உண்டு. அறிகுறியை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாது. கால்சியம், பி.டி.எச். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்க்க வேண்டும். கூடவே அல்புமின், கிரியாட்டினின், வைட்டமின் டி. பி.டி.எச். மட்டும் கூடி, கால்சியம் சரியாக இருந்தால் பதற வேண்டாம். பல நேரம் வைட்டமின் டி பற்றாக்குறைதான் காரணம். ஆறு மாதத்துக்கு மேல் சரியாக இருந்த கால்சியம் பிறகு ஏறினால்தான் நோய் திரும்பியதாக மருத்துவர்கள் கணக்கில் எடுப்பார்கள்.

முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும், பி.டி.எச். ரிசல்ட்டை அது புரட்டிவிடக்கூடும். லித்தியமும், சிலவகை பி.பி. மாத்திரைகளும் கால்சியத்தை ஏற்றும். அதற்காக நாமாக நிறுத்தக் கூடாது.

‘கால்சியம்தானே அதிகம்’ என்று பாலையும் தயிரையும் விலக்குவதும் தேவையில்லை. மருத்துவர் தடுக்காதவரை தண்ணீர் நிறையக் குடிக்கலாம். கால்சியம் மாத்திரையை மட்டும் கேட்காமல் தொட வேண்டாம். விடாத வாந்தி, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் என்றால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடக் கடினம். பழைய தழும்புக்கு நடுவே, குரலுக்கான நரம்பை ஒட்டித் தேட வேண்டும். அதனால் இதில் அனுபவமுள்ள சர்ஜனாகப் பார்ப்பது முக்கியம், “இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் டாக்டர்?” என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆபரேஷன் தாங்காத உடம்புக்குக் கால்சியத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் உண்டு.

போகும்போது பீரோவில் கிடக்கும் பழைய ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கச் சுரப்பியை எடுத்தார்கள், பயாப்சியில் என்ன வந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அண்ணன், தங்கை, பிள்ளைகள் யாருக்காவது இதே தொல்லை உண்டா என்பதையும் சொல்லுங்கள். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது.