1815க்குப் பிறகு பிறந்ததெல்லாம் மரபுரிமை இல்லையா?

காரைதீவுக்குக் கோச்சி வராது. கல்முனைக்கும் வராது. தண்டவாளம் மட்டக்களப்போடு முடிகிறது. அதற்குத் தெற்கே இருக்கிற நாங்கள் பஸ் பிடித்துப் போய்த்தான் ஏற வேண்டும். "உங்கட ஊரில இல்லாத ஸ்டேஷனுக்கு உங்களுக்கென்ன கவலை?" என்று கேட்கிறார்கள். எங்கட அப்பப்பாமாரும் மூத்தாப்பாமாரும் கொழும்புக்குப் போய் வந்த பாதை அது. கவலைப்பட அது போதும்.

1920களின் கடைசியில் திறந்த பாதை. புணானை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று சின்னச் சின்ன ஸ்டேஷன்கள். ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் கதை முடிந்தது. அதைத் தடுப்பது ஒரு வட்டமான உலோகத் தகடு, டேப்லட். இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்தவை. ஒன்றிலிருந்து தகட்டை எடுத்தால், அது திரும்ப உள்ளே போகும்வரை எந்தப் பக்கத்திலும் இன்னொன்றை எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை எடுக்கமாட்டார். வளையத்தில் கோத்த தோல்பையில் அதை நீட்டுகிற ஸ்டேஷன் மாஸ்டரை எல்லாரும் கண்டிருக்கிறோம். என்ன செய்கிறார் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இந்தப் பெட்டிக்கும், கைகாட்டியை இழுக்கிற லீவருக்கும், அவை இருக்கிற அறைக்கும் மரபுரிமை மதிப்பு உண்டு என்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்கு 1815 மார்ச் 2க்கு முந்தியதுதான் புராதனச் சின்னம். கண்டி ஒப்பந்தம் எழுதிய நாள் அது. பிந்தியதென்றால் அமைச்சர் தனியாக உத்தரவு போட வேண்டும். இலங்கையில் முதல் ரயில் ஓடியதே 1864இல்!

கிழக்கில் 'மரபுரிமை' என்ற சொல்லைக் கேட்டாலே சனம் காணி உறுதியைத் தேடுகிறது. சும்மா இல்லை. 2020இல் கிழக்கின் தொல்பொருளைப் பாதுகாக்க ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பாதுகாப்புச் செயலாளர்தான் தலைவர். அதற்காக அந்தச் சொல்லையே அவர்களிடம் விட்டுவிடச் சொல்கிறீர்களா? தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் ஒரே பெட்டியில் நெரிபட்டுப் போன பாதையைவிடப் பொதுவான சொத்து இந்த மாகாணத்தில் வேறென்ன இருக்கிறது?

(புணானையில் ஆட்களைத் தின்ற சிறுத்தையை 1924இல் சுட்டார்கள். அதன் உடல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிறுத்தைக்குக் கிடைத்த இடம் சிக்னல்காரருக்குக் கிடைக்கவில்லை.)

வடக்கைப் பாருங்கள். போரில் சிலிப்பர் கட்டைகள் பங்கருக்குப் போயின. 2014இல் யாழ்ப்பாணத்துக்கு வண்டி திரும்பியபோது பாதை புதிது, சிக்னல் புதிது. அங்கே காப்பாற்றப் பழையது மிஞ்சவில்லை. இங்கே மிஞ்சியிருக்கிறது, இன்னும் வேலையும் செய்கிறது.

மின்விளக்குச் சிக்னல் வரட்டும், நாங்கள் மறிக்கவில்லை. அதற்கு முதல் ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் என்ன இருக்கிறதென்று பட்டியல் எடுங்கள். கழற்றுவதைக் கடுகண்ணாவை அருங்காட்சியகத்துக்கு லொறியில் ஏற்றாமல், அந்தந்த ஸ்டேஷனிலேயே வையுங்கள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்களின் பேச்சை, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவுசெய்யுங்கள். இந்தக் கடைசி வேலைக்கு அமைச்சரின் உத்தரவு தேவையில்லை. ஃபோனும் மட்டக்களப்புக்கு பஸ் காசும் போதும், வருகிறவர்கள் சொல்லுங்கள்.