இலவச வீடு என்னும் பொய்

மும்பையின் குடிசைவாழ் மக்களுக்கு அரசு இலவசமாக வீடு தருகிறது என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. வரி கட்டும் நடுத்தர வர்க்கம் இதைக் கேட்டு முகம் சுளிக்கிறது. அரசியல் கட்சிகள் இதைச் சொல்லியே வாக்குக் கேட்கின்றன. ஆனால் அந்த வீடு இலவசம் அன்று. அதன் விலையை அம்மக்களே, தாங்கள் குடியிருந்த நிலமாகச் செலுத்திவிடுகிறார்கள்.

1995இல் சிவசேனா–பாரதிய ஜனதா கூட்டணி அரசு குடிசைப் பகுதி மறுவாழ்வு ஆணையத்தை அமைத்தது. ஐந்தே ஆண்டுகளில் 40 லட்சம் பேருக்கு இலவச வீடு என்பது அன்றைய வாக்குறுதி. இதன் கட்டுமானச் செலவை அரசு ஏற்காது. தனியார் நிறுவனம் ஒன்று குடிசைகளை அகற்றும். மனையின் ஒரு மூலையில் அடுக்ககம் எழுப்பி மக்களை அதில் ஏற்றிவிடும். எஞ்சிய நிலத்தில் சந்தை விலைக்கு வீடு கட்டி விற்றுக்கொள்ளும். மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதை வரையறுக்கும் தளப்பரப்புக் குறியீட்டை அரசு இதற்காகத் தாராளமாக உயர்த்திக் கொடுக்கும். அந்த மனையில் கட்ட முடியாத பரப்பை உரிமைச் சான்றாக்கி வேறிடத்தில் விற்கவும் வழி உண்டு. பல இடங்களில் பொது நிலம், இலாபமோ தனியாருடையது.

இவ்வாறு இலாபத்தை அச்சாணியாகக் கொண்ட திட்டம் தேவை மிகுந்த இடத்துக்குச் செல்லாது, நில விலை மிகுந்த இடத்துக்கே செல்லும். வீட்டுச் சந்தை சரியும்போது பணிகளும் பாதியில் நிற்கும். இடித்த குடிசைக்கும் எழும்பாத வீட்டுக்கும் இடையே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இடைக்கால முகாம்களில் காத்துக் கிடக்கும். ஐந்தாண்டு இலக்கின் பாதியைக்கூட இத்திட்டம் முப்பது ஆண்டுகளாகியும் எட்டவில்லை.

கிடைத்த வீடும் எத்தகையது? தொடக்கத்தில் 225 சதுர அடி, பின்னர் 269, இப்போது 300. கோவண்டி, மான்கூர்ட் பகுதிகளில் திட்டப்பணிகளுக்காக இடம்பெயர்க்கப்பட்டோரைக் குடியேற்றிய அடுக்ககங்களில், கட்டடங்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கின்றன. அங்கே வெயிலும் காற்றும் புகாத கீழ்த்தள வீடுகளில் வாழ்வோரிடையே காசநோய் மிகுந்திருப்பதை 2018இல் வெளிவந்த ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. மாகுலில் நிலைமை இன்னும் கொடிது. தான்சா குடிநீர்க் குழாய்ப் பாதையிலிருந்து அகற்றப்பட்டோர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அருகே குடியேற்றப்பட்டனர். அவர்களை அந்நச்சுக் காற்றில் வாழ வற்புறுத்தக்கூடாது என்று 2019இல் மும்பை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியதாயிற்று.

'வீட்டைக் கொடுத்தால் விற்றுவிட்டு மறுபடி குடிசைக்கே போகிறார்கள்' என்ற பழியும் உண்டு. மின்தூக்கிக்கும் பராமரிப்புக்கும் மாதந்தோறும் கட்டணம். தையல் இயந்திரத்தையோ அப்பளம் உலர்த்தும் பாயையோ விரிக்க இடமில்லாத ஏழாம் மாடி. பிழைப்பு நடக்காத வீட்டை ஒருவர் விற்பாரெனில், குறை அவரிடம் இல்லை, வீட்டின் வடிவமைப்பில் இருக்கிறது.

'மும்பையில் நிலம் இல்லை' என்பது அடுத்த வாதம். நிலம் இருந்தது. மூடிய பஞ்சாலைகளின் நிலம் மட்டுமே ஏறத்தாழ 600 ஏக்கர். அதை மறுமேம்பாடு செய்யும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கும், மற்றொரு பங்கு பொது வீட்டு வசதிக்கும் சேர வேண்டும் என்று 1991 விதி சொன்னது. கட்டடம் இல்லாத வெற்று நிலத்துக்கு மட்டுமே இப்பங்கீடு பொருந்தும் என 2001இல் அரசு திருத்தியது. பொதுப் பங்கு சுருங்கிப்போயிற்று. அத்திருத்தத்தை உச்ச நீதிமன்றமும் 2006இல் ஏற்றது. ஆலைத் தொழிலாளர் உழைத்த இடத்தில் இன்று வணிக வளாகங்களும் சொகுசு அடுக்ககங்களும் நிற்கின்றன.

மாற்று வழியை இந்நகரம் ஒருமுறை கண்டிருக்கிறது. 1980களில் உலக வங்கிக் கடனுதவியுடன் சார்கோப், கோராய் போன்ற இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியுடன் சிறுசிறு மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. மக்கள் கையில் பணம் சேரச் சேரத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். சென்னையின் அரும்பாக்கமும் வில்லிவாக்கமும் இதே முறையில் முன்னரே உருவானவை. இன்று அவை மற்றெந்தக் குடியிருப்பையும் போன்ற பகுதிகள். குடிசைப் பகுதி மேம்பாட்டுத் திட்டத்திலோ, இருக்கும் இடத்தையே குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு நீண்ட காலக் குத்தகைக்கு விட்டு அடிப்படை வசதிகள் செய்துதரப்பட்டன. வறியோர் சிலர் மனையை விற்றுச் சென்றது உண்மையே. ஆயினும் அந்த விற்பனையின் பயன் அவர்கள் கைக்கே சேர்ந்தது. 'இலவச வீடு' என்னும் முழக்கம் எழுந்ததும் இவ்வழிகள் கைவிடப்பட்டன.

இப்போது தாராவியின் முறை. சதுப்பு நிலத்தை மேடாக்கிக் குடியேறியவர்களில் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலித் தமிழரும் உண்டு. 2022 ஏலத்தில் 5,069 கோடி ரூபாய் கேட்டு அதானி குழுமம் இத்திட்டத்தை வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை மெய்ப்பிப்போருக்கு அங்கேயே 350 சதுர அடி இலவச வீடு. பிற்பாடு வந்தவருக்கும் மேல்தளத்தில் வாழ்பவருக்கும் தாராவிக்கு வெளியே, விலைக்கோ வாடகைக்கோ வீடு. ஒரே சந்தில், ஒரே ஏணியின் மேலும் கீழும் வாழும் இரு குடும்பங்களை ஒரு தேதியும் ஒரு தளமும் பிரித்துவிடுகின்றன.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. தகுதித் தேதி என்னும் வடிகட்டியை நீக்க வேண்டும். பொது நிலத்தில் குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே குத்தகை உரிமை வழங்க வேண்டும். மேல்தளத்தில் வாழ்பவரையும் வாடகைக்கு இருப்பவரையும் குடியிருப்போராகக் கணக்கிட்டு, அவர்களுக்காக வேலையிடங்களுக்கு அருகே பொது வாடகை வீடுகளைக் கட்ட வேண்டும். இவற்றுக்குப் பணமில்லை என்று சொல்லும் அரசு, ஒவ்வொரு திட்டத்திலும் எவ்வளவு நிலம், எந்த மதிப்பில், எவர் கைக்குப் போயிற்று என்ற கணக்கை முதலில் வெளியிடட்டும்.