கன்றை எண்ணுகிறோம், சேற்றை எண்ணுகிறோமா?

நிபோங் திபால் அருகே சுங்கை ஆச்சேயில் பாக்காவ் கன்று நடப் போனவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. முழங்கால்வரை புதைந்த காலை இழுத்தால் அழுகிய முட்டை வாடை கிளம்பும். பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கம் பல ஆண்டுகளாக அங்கே சதுப்புநிலக் காட்டை வளர்த்து வருகிறது. மாணவர்களாகிய நாம் போகிறோம், கன்று நடுகிறோம், எத்தனை நட்டோம் என்று எண்ணுகிறோம், காலைக் கழுவிவிட்டு பஸ் ஏறுகிறோம். சேற்றை மட்டும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது தவறு என்பது என் கருத்து.

உயிர்வளி இல்லாமல் எதுவும் எரியாது என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்தோம். ஆனால் உயிர்வளி எட்டாத கடலோரச் சேற்றிலும் கடலடியிலும் மீத்தேனை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டில் அந்தியே போயெட்டியுஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் குழு, அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பால் எடுத்த கடலடிச் சேற்றில் இவற்றை நுண்ணோக்கியில் கண்டது. நடுவில் ஆர்க்கியா, சுற்றிலும் பாக்டீரியா என ஒரு கூட்டுக்குடும்பம். ஆர்க்கியா மீத்தேனை உடைத்து எலெக்ட்ரான்களைப் பக்கத்து பாக்டீரியாவிடம் கொடுக்கிறது. அது கடல்நீரிலுள்ள சல்பேட்டைச் சுவாசித்து சல்பைடை வெளியிடுகிறது. நம் மூக்கைப் பிடிக்க வைக்கும் வாடையும் இப்படிச் சல்பேட்டைச் சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் வெளியிடுவதுதான்.

இதைவிட வியப்பு, இவற்றின் கார்பன் கணக்கு. மீத்தேனை உண்டால் அதிலுள்ள கார்பன்தானே உடலாக வேண்டும்? அப்படி இல்லை. உடைத்த மீத்தேனின் கார்பன் ஏறக்குறைய முழுவதும் வெளியேறிவிடுகிறது. உடலைக் கட்ட, நீரில் கரைந்திருக்கும் கரிவளியையே இவை பெரும்பாலும் எடுக்கின்றன என்று 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அதாவது மீத்தேன் விறகு. உலையில் போடும் அரிசி கரிவளி.

அந்த விறகிலும் சூடு குறைவு. மீத்தேனை உயிர்வளியில் எரித்தால் கிடைக்கும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூட இவற்றுக்குத் தேறாது. அதனால் ஒருமுறை இரட்டிப்பாகவே மாதக்கணக்காகும். ஆய்வகத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். ஆயினும் உலகின் கடலடிச் சேற்றில் உருவாகும் மீத்தேனில் 90 விழுக்காடு வரை வெளியேறாமல் தடுப்பவை இந்த மெதுவான உயிர்கள்தாம். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரிவளியைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். 2021-இல் உலக மீத்தேன் உறுதிமொழியில் மலேசியாவும் சேர்ந்தது.

கரையோரத் திட்டங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது: “இங்கே வெட்டினால் வேறிடத்தில் நட்டுவிடலாம்.” கன்றை நடலாம், மாதக்கணக்கில் ஒருமுறை பெருகும் கூட்டுக்குடும்பத்தை நட முடியுமா? தோண்டிக் கிளறிய சேற்றில் உயிர்வளி புகும், அடுக்குகள் கலையும். அந்தக் குடும்பம் மீண்டும் சேரும்வரை மீத்தேனுக்குக் காவல் யார்?

நடவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மீனவர்களின் உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நடுவது, இருப்பதை அழிக்கக் கிடைத்த அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வரும்போது, மரக் கணக்கோடு சேற்றின் கணக்கும் எங்கே என்று நாம் எழுதிக் கேட்கலாம். பள்ளி அறிவியல் கழகங்கள் அடுத்த நடவின்போது ஒரு குழாய்ச் சேற்றை எடுத்து, நிறம் மாறும் அடுக்குகளை அளந்து பதிவு செய்யலாம். தெலுக் பஹாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்கலாம்.

அடுத்த முறை அந்த நாற்றம் வந்தால் மூக்கைப் பிடியுங்கள், தவறில்லை. ஆனால் காலடியில் வேலை நடக்கிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.