சேலை போகும் வழி

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளரைக் கேளுங்கள்: "இந்தப் பட்டுச் சேலையை நெய்ய எத்தனை நாள் ஆகும்?" சட்டென்று பதில் சொல்வார். "சங்கத்தில் நூல் கேட்ட நாள் முதல் கூலி கைக்கு வந்த நாள் வரை எத்தனை?" இதற்கு விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

நெய்தால் கூலி உண்டு. காத்திருந்தால் கிடையாது.

ஆகவேதான், கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் வேலை முழுவதையும் ஒரே காகிதத்தில் படமாக வரைந்து பார்க்க வேண்டும் என்கிறோம். யோசனை பழையதுதான். கொத்தனார் வேலையில் தொடங்கிய அமெரிக்கர் பிராங்க் கில்பிரத்தும், மனைவி லில்லியனும் 1921-ல் இப்படி ஒரு படத்தைப் பொறியாளர்கள் முன் வைத்தார்கள். பொருள் சும்மா கிடக்கும் இடத்துக்கும் அதில் ஒரு குறி உண்டு!

நம் பட்டுக்கு வரைவோம். சங்கம் பட்டு நூலும் ஜரிகையும் தருகிறது. ஜரிகைக்கு வெகுதூரம் போக வேண்டாம். 1971-ல் தொடங்கிய அரசு நிறுவனம் காஞ்சியிலேயே இருக்கிறது. பிறகு சாயம். பிறகு பாவு. விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக விரித்து, கஞ்சி தெளித்து, இழை இழையாகச் சீர் செய்ய வேண்டும். மழை வந்தால் அன்றைய வேலை போயிற்று. குழித்தறியில் தண்ணீர் ஊறினால் அடுத்த வேலையும் நிற்கும். பிறகு பழைய பாவின் நுனியோடு புதிய பாவைப் பிணைக்க வேண்டும். அதற்கென்று ஆள் வர வேண்டும். அவர் நாளைக்கு என்றால் நாளைதான்!

நெய்த சேலை சங்கத்துக்குப் போகிறது. அளவு, எடை, தரம் பார்க்கிறார்கள். அது விற்காமல் அலமாரியில் தங்கினால் சங்கத்தின் பணம் முடங்கும். அடுத்த பாவு தாமதமாகும்.

இதை அலுவலக மேசையில் வரைந்தால் இரண்டே கட்டங்கள்தான் விழும்: நூல் கொடுத்தோம், சேலை வாங்கினோம். நடுவில் ஒரு வீடே உழைக்கிறது. தார் சுற்றுகிறவர் பெரும்பாலும் நெசவாளரின் மனைவி. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். கூலியோ சேலைக்கு ஒன்றுதான். ஆகவே வீட்டாரையும் கூட்டி உட்கார்ந்து வரைய வேண்டும்.

பிள்ளைகள் தறிக்கு வருவதில்லை என்று வருந்துகிறோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் மாதம் பிறந்தால் சம்பளம். அங்கே வேலைக்குப் படமும் உண்டு.

சங்க வாசலில் படத்தை ஒட்டட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை நாள் என்று போடட்டும். ஐப்பசி மழைக்கு முன் இது முடிந்தால், பாவு விரிக்கக் கூரை போட்ட இடம் எத்தனை வேண்டும் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.